அத்தைக்கு மறதி நோய். தோட்டைத் திருடிவிட்டேன் என்கிறார். என்ன செய்வது?

மன்னார்குடி மருமகள்:

வணக்கம். எனக்கு வயது 61. மன்னார்குடியில் ஹரித்ராநதிக் கரையோரம் பழைய ஓட்டு வீடு. மாமியாருக்கு 87. 1985இல் கல்யாணமாகி வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே அடுப்படிதான். சண்டை போட்டிருக்கிறோம், மாதக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறோம். ஆனால் என் இரண்டு பிரசவத்துக்கும் பத்தியம் வைத்துப் போட்டது அத்தைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். முதலில் பாலை அடுப்பில் வைத்ததை மறந்தார். அப்புறம் இது தையா ஆடியா என்று கேட்டார். இப்போது சாப்பிட்டுக் கை கழுவிய உடனே "எனக்கு இன்னும் சோறு போடலையே" என்கிறார். அதெல்லாம் பழகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரம்தான் பழகவில்லை. ஐந்தரை மணி ஆனால் போதும், மஞ்சப்பையில் ஒரு புடவை, விபூதி டப்பா, வெற்றிலை இடிக்கிற சின்ன உரல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, "வடுவூருக்குப் போகணும், அப்பா தேடுவாரு" என்று வாசலுக்குப் போய்விடுகிறார். அவருடைய அப்பா இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. "இதுதான் உங்க வீடு அத்தை" என்றால் இன்னும் கோபம் வருகிறது.

இனி தோடு விஷயம். அத்தைக்கு ஒரு சிவப்புக்கல் தோடு இருந்தது, வடுவூரிலிருந்து சீதனமாக வந்தது. நாத்தனார் கல்யாணம் 1994இல் நடந்தபோது பணம் பத்தவில்லை. அத்தை என்னை மட்டும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் போய் அதை விற்றார். அதே மாதிரி ஒரு கவரிங் தோடு வாங்கிப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, "யாருக்கும் சொல்லாதே, உன் வீட்டுக்காரனுக்கும் சொல்லாதே, பொண்ணு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். இன்றுவரை நான் சொல்லவில்லை.

இப்போது அத்தை தினமும் என் தோட்டைக் கொடு என்கிறார். கவரிங் தோட்டை எடுத்துக் காட்டினால், தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னோடது இல்லை, மாத்திட்டே" என்கிறார். அது உண்மையும்கூட. பால்காரரிடம் சொல்கிறார், எதிர்வீட்டில் சொல்கிறார். போன மாதம் நாத்தனார் திருச்சியிலிருந்து போன் செய்து, "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, அம்மா தோடு எங்கே?" என்று கேட்டாள். நாற்பது வருடம் இந்த வீட்டில் உழைத்தேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று. பத்து நாளாக அத்தை வேறு மாதிரி இருக்கிறார். பரணில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், இறக்கிவிடு என்கிறார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழிப்பு. நேற்று பெற்ற மகனையே "நீங்க யாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு 66 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதார். இங்கே உள்ள டாக்டர், நோய் முற்றுகிறது என்கிறார்.

எனக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் தேதி வாங்கி இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று. கண் பார்த்த பிறகு கொஞ்ச நாள் கனம் தூக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிறார்கள். அத்தையைக் குளிப்பாட்டித் தூக்கி உட்கார வைப்பது யார்? கொழுந்தனார் கோயம்புத்தூரில், நாத்தனார் திருச்சியில். மாதம் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாமா? கேட்டால், திருடிவிட்டு இப்போது தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நினைப்பார்களோ?

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகப்பட்டினம்:

தங்கச்சி, மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பத்து நாள் விஷயத்தை முதலில் பாருங்கள். 32 வருடம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவள் சொல்கிறேன். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும். பத்து நாளில் திடீரென்று இப்படி மாறினால் அதன் மேலே வேறு ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அது பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதாகவே இருக்கும்.

நாளைக்கே யூரின் டெஸ்ட் கொடுங்கள். வயதானவர்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தால் காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமல் நேராகப் புத்தித் தடுமாற்றமாகவே வெளியே தெரியலாம். ரத்தத்தில் சோடியமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா? சிலவகைப் பிரஷர் மாத்திரை சோடியத்தை இறக்கிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். பி12, தைராய்டு பார்த்து நாளாகியிருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மூன்று நாளுக்கு மேல் மலம் போகாமல் இருந்தாலும் இப்படி ஆகலாம். சமீபத்தில் வழுக்கி விழுந்தாரா? சின்ன அடிதான் என்று விட்டிருப்போம், தலைக்குள் மெதுவாக ரத்தம் கட்டியிருக்கும். அப்படி விழுந்திருந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். புதிதாக ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா? சளி, அரிப்பு, தூக்கம் என்று மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரைகூட இந்த வயதில் மூளையைக் குழப்பும்.

தோடு பற்றி ஒரு வார்த்தை. இந்த நோயில் திருட்டுப் பழி பெரும்பாலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்மேல்தான் விழும். வைத்த இடம் நினைவில்லை, பொருளைக் காணோம், கண் முன்னால் இருப்பது நீங்கள். வாதாடாதீர்கள். "அய்யோ, காணோமா? வாங்க தேடலாம்" என்று கூடவே தேடுங்கள். தேடுகிற வழியில் வேறு ஒரு பொருள் கையில் கிடைக்கும், பேச்சும் மாறும்.

சாயங்காலம் கிளம்புகிறார் இல்லையா, தடுக்காதீர்கள். நீங்களும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போங்கள். அவர் கேட்பது வடுவூர் வீட்டை இல்லை, பயமில்லாமல் இருந்த ஒரு காலத்தை. இடுப்புச் சுருக்குப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

மதுரைக்காரன்:

அக்கா, என் அப்பாவை ஐந்து வருடம் பார்த்தேன், அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். மாதம் ஒரு வீடு என்று பங்கு போட்டோம். கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் அப்பாவுக்கு என்ன ஆனது என்றால், என் வீட்டில் பாத்ரூம் இடது பக்கம், அண்ணன் வீட்டில் வலது பக்கம், தம்பி வீடு மாடியில். ஒவ்வொரு மாதமும் புது வீட்டில் ராத்திரி எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். மூன்றாவது மாதம் தம்பி வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதற்கப்புறம் அவர் நடக்கவேயில்லை.

உங்கள் அத்தைக்கு அந்த ஓட்டு வீட்டின் தூண் கைக்குப் பழகியிருக்கும், கொல்லைக்குப் போகிற படி காலுக்குத் தெரிந்திருக்கும். அவரை இடம் மாற்றாதீர்கள். பிள்ளைகள் அங்கே வந்து தங்கட்டும். நாங்கள் இதைப் புரிந்துகொண்டது அப்பா படுத்த பிறகு. கடைசி ஒன்றரை வருடம் அண்ணன் மாதத்தில் எட்டு நாள் என் வீட்டில் வந்து படுத்தார். பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எனக்கு ஆயிரம் யோசனை சொல்வார். இரண்டு ராத்திரி அப்பாவுக்குத் துணி மாற்றிய பிறகு ஒரு யோசனையும் சொன்னதில்லை.

"ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "கண்டிப்பா அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். தேதி சொல்லிக் கேளுங்கள். "எனக்கு இந்தத் தேதியில் கண் ஆபரேஷன், அன்றிலிருந்து இரண்டு வாரம் நீ இங்கே இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். அதையும் உங்கள் வீட்டுக்காரர் கேட்கட்டும். அவர் அம்மா, அவர் தங்கை.

வேலூர் வக்கீல் குமாஸ்தா:

வழக்குப் போடச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். 2007ஆம் வருடப் பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்று எழுதியிருப்பது மகன், மகள், பேரன், பேத்தி. மகளுக்கும் மகனுக்கும் ஒரே கடமைதான். மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அம்மா, நீங்கள் செய்வது முழுக்க உங்கள் மனதால் செய்வது. கேட்கும்போது குரல் தாழ வேண்டியதில்லை. முதியோர் உதவி எண் 14567, எந்தச் சந்தேகமானாலும் கூப்பிடலாம்.

ஓய்வுபெற்ற நர்ஸ், நாகப்பட்டினம்:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பிசியோதெரபி செய்கிறவரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கிற நர்ஸும்கூட அதில் வீட்டுக்கு வருவார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

பெயர் வேண்டாம்:

நான் அந்த நாத்தனார் இடத்தில் இருந்தவள். என் அம்மா போனில் அழுது அழுது சொன்னதைக் கேட்டு அண்ணிமேல் இரண்டு வருடம் சந்தேகப்பட்டேன். நேராகக் கேட்கவில்லை, ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பொங்கலுக்குப் போனபோதுகூட வளையல்களைக் கழற்றிப் பெட்டியில் பூட்டி வைத்தேன். அண்ணி அதைப் பார்த்தார். ஒரு வருடம் அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது நான் போய் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். நான்காவது நாள் அம்மா பக்கத்து வீட்டில் என்னைக் காட்டி, "இவ யாரோ புதுசா வந்திருக்கா, என் சங்கிலியை எடுத்துட்டா" என்றார். அண்ணி படுக்கையில் இருந்தார். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதுவும் பேச வரவில்லை.

உங்கள் நாத்தனாரை வரச் சொல்லுங்கள். உண்மையையும் சொல்லுங்கள். அம்மா தன் தோட்டை விற்று எனக்குக் கல்யாணம் பண்ணினார் என்று தெரிவது ஒரு மகளுக்குக் கஷ்டம்தான். ஆனால் அம்மா இருக்கும்போதே தெரிய வேண்டும்.

மன்னார்குடி மருமகள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

நாகப்பட்டினம் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? யூரினில் இன்ஃபெக்‌ஷன் இருந்தது. சோடியம் 124. அது 135க்கு மேல் இருக்க வேண்டுமாம். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். உடம்பு அரிப்புக்கு நானே மெடிக்கலில் வாங்கி மூன்று வாரமாக ராத்திரி ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன், அதையும் டாக்டர் நிறுத்திவிட்டார். ராத்திரி எழுந்து போகப் பயந்து அத்தை சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு வாரத்தில் பரண் குழந்தைகள் போய்விட்டார்கள். மகனைப் பார்த்து, "என்னடா இளைச்சுட்டே" என்றார்.

இவர் போன் செய்து தேதி சொல்லிக் கேட்டார். கொழுந்தனார் பணம் அனுப்புகிறேன் என்றார். நாத்தனார் வந்தாள், பதினைந்து நாள் இருந்தாள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. சுவரில் காலண்டர் எழுத்து தெரிகிறது.

கண்ணில் கட்டுப் போட்டு வந்த அன்று ராத்திரி, முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது நாத்தனாரிடம் தோடு விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கடைத்தெரு, அத்தை என்ன புடவை கட்டியிருந்தார், பஸ்ஸில் என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கல்யாணத்தன்னைக்கு அம்மா காதை நான் பார்க்கவே இல்லையே அண்ணி" என்றாள். சத்தியத்தை மீறியது எனக்கு உறுத்துகிறதுதான். அத்தைக்குத் தெளிவு இருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.

மறுநாள் காலை அத்தை வழக்கம்போல், "என் தோட்டைக் குடு" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் போய், "என்கிட்டதாம்மா இருக்கு, பத்திரமா இருக்கு" என்றாள். அத்தை அவள் முகத்தையே பார்த்தார். "உன்கிட்டயா? சரி, நீயே வச்சுக்கோ" என்றார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் என்னிடம் கேட்டார். ஆனால் இப்போது சொல்வதற்கு எனக்கும் அந்தப் பதில் இருக்கிறது.

சாயங்காலம் மஞ்சப்பையோடு கிளம்பினால் நானும் கிளம்பிவிடுகிறேன். ஹரித்ராநதி பெரிய குளம், முழுதாகச் சுற்ற அத்தையால் முடியாது. எங்கள் கரை முனை வரை போய், படித்துறையில் கொஞ்சம் உட்கார்ந்து, நடுவில் தெரிகிற கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வீட்டு வாசல் வந்ததும் "வடுவூர் வந்தாச்சு அத்தை" என்கிறேன். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவார். நேற்று, "நீயும் உள்ளே வா, அப்பாகிட்ட சொல்லிச் சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார். போய்ச் சாப்பிட்டோம்.