ஃபேன் இல்லாத சின்னக் கணினி: படம் ஓடி அரை மணித்தியாலத்தில் சூடேறித் திக்குகிறது, உதவுங்கள்

நாவற்குடாப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு ஹோலில் டிவியோடு வைக்க, சத்தமே போடாத ஒரு கணினி பூட்டியிருக்கிறேன். அம்மம்மா அந்த ஹோலில்தான் படுப்பார். அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் படம் பார்க்க உட்காருவார். பழைய டெஸ்க்டொப்பின் இரைச்சலில் அம்மம்மாவுக்கு நித்திரை வராது. அதனால்தான் ஃபேனே வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

மதர்போர்ட் அஸ்ரொக் என்100டிசி ஐடிஎக்ஸ். இன்டெல் என்100 சிப் அதிலேயே பதிந்து வருகிறது, மேலே சூட்டைக் காற்றில் விடுகிற அலுமினியத் தகடுகள் (ஹீட்சிங்க்) மட்டும். பவர் சப்ளைப் பெட்டியும் தேவையில்லை, லப்டொப் போல 19 வோல்ட் அடப்டர் ஒன்று போதும். 8 ஜிபி ராம், 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி. கேஸ் சின்னத் தகரப் பெட்டி. மேல் மூடி துளையில்லாத முழுத் தகடு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வெட்டுகள். லினக்ஸ் மின்ட் இயங்குதளமும், படம் ஓட்டும் கோடி (Kodi) செயலியும் கடையிலேயே போட்டுத் தந்தார்கள்.

4கே படம் போட்டால் முதலில் அருமையாக ஓடுகிறது. அரை மணித்தியாலம் போனதும் விட்டு விட்டு ஓடத் தொடங்குகிறது. வெப்பத்தைப் பார்த்தால் 104 பாகை. யூடியூப் என்றால் இன்னும் கெதியாக ஏறுகிறது. கடையில் கேட்டேன், "ஃபேன் ஒன்று போடுங்கள்" என்கிறார்கள். ஃபேன் இல்லாமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

கல்முனை நானா:
வழி இருக்கிறது தம்பி. அந்தச் சிப்பை ஃபேன் இல்லாமல் ஓட்டுவதற்கென்றே அந்த போர்டைச் செய்திருக்கிறார்கள். என்100க்கு இன்டெல் சொல்லும் சூட்டுக் கணக்கு 6 வாட்தான். உச்ச வரம்பு 105 பாகை. அதைத் தொட்டதும் சிப் எரிந்துவிடாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற திக்கல் அதுதான்.

ஆனால் எல்லாத் திக்கலும் சூட்டால் வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படம் தொடங்கிய கணத்திலிருந்து, கமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் ஒரே சீராகத் துள்ளினால், அது டிவியின் ரிஃப்ரெஷ் ரேட் படத்தோடு பொருந்தாத கோளாறு. படம் நொடிக்கு 24 ஃபிரேம், டிவி 60ல் ஓடுகிறது. கோடியில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் தெரிவை ஓன் பண்ணினால் போய்விடும். தொடக்கத்திலேயே படம் இழுபட்டால் சிப்புக்குத் தாங்கவில்லை. நன்றாக ஓடி, நேரம் போகப் போகக் கெட்டால் மட்டும்தான் சூடு. உங்களுடையது இந்த மூன்றாவது.

இனி ஒரு சோதனை. படம் திக்கும் நேரத்தில் பெட்டியின் மேல் மூடியில் கையை வையுங்கள். மூடி கையை வைத்திருக்க முடியாத சூடா, இல்லை வெதுவெதுப்பா? பெட்டி எங்கே இருக்கிறது, டிவி அலுமாரிக்குள்ளா? மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் எத்தனை பாகை? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

நாவற்குடாப் பொடியன்:
நன்றி நானா. இன்று எல்லாம் பார்த்தேன். பெட்டி டிவி அலுமாரியின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குள் இருந்தது. மூடியில் கை வைத்தால் வெதுவெதுப்புத்தான், தாராளமாகத் தொடலாம். வெளியே எடுத்து மேசையில் வைத்து, மூடியையும் கழற்றி, அதே படத்தை ஓடவிட்டேன். 84க்கு மேல் போகவில்லை. படமும் திக்கவில்லை. அறை 31 பாகை, சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கல்முனை நானா:
அப்ப சரி, சூடு பெட்டிக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

ஃபேன் இல்லாத பெட்டிகளில் இரண்டு சாதி. ஒன்றில் பெட்டியே ஹீட்சிங்க். சிப்பின் மேல் உலோகக் கட்டை அல்லது ஹீட்பைப் உட்கார்ந்து சூட்டைத் தடித்த அலுமினியச் சுவருக்குக் கடத்தும். ஸ்ட்ரீகொம், எச்டிபிளெக்ஸ், அக்காசா செய்கிற பெட்டிகள் அந்த வகை. அதில் சிப் கொதித்துக்கொண்டு பெட்டி குளிராக இருந்தால் கட்டை சரியாகப் படியவில்லை, சூடு கடத்தும் பேஸ்ட் போட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

உங்களுடையது மற்றச் சாதி. ஹீட்சிங்க் உள்ளே தனியாக நிற்கிறது, மூடியைத் தொடவில்லை. அதற்கு வேண்டியது காற்று கீழே நுழைந்து, தகடுகளுக்கிடையில் சூடாகி, மேலே வெளியேறும் பாதை. துளையில்லாத மூடி அந்தப் பாதையின் வாயை அடைத்துவிட்டது. கண்ணாடிக் கதவு வெளியேயும் அடைத்துவிட்டது. இங்கே ஹீட்சிங்க் எவ்வளவு பெரியது என்பதைவிட அதைச் சுற்றி இருக்கிற காற்று எத்தனை பாகை என்பதுதான் பெரிய விஷயம். அறை 31 என்றால் மூடிய அலுமாரிக்குள் 40ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. அந்தப் பத்துப் பாகையும் அப்படியே சிப்பில் ஏறும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் அறையே 34, 35க்குப் போகும். கணக்கை அந்த மாதங்களுக்குத்தான் போட வேண்டும்.

ஏறாவூரான்:
தம்பி, 12 சென்டிமீட்டர் ஃபேன் ஒன்றை வாங்கி, 12 வோல்டுக்குப் பதிலாக 5 வோல்டில் ஓட்டுங்கள். மெதுவாகச் சுற்றும், சீலிங் ஃபேன் ஓடுகிற ஹோலில் காதை வைத்தால்கூடக் கேட்காது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து பாகை குறையும்.

நாவற்குடாப் பொடியன்:
யோசித்தேன் அண்ணா. எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. பழைய கணினியைக் கழற்றியபோது ஃபேன் இருந்த பக்கம் முழுக்க ஈரமான தூசு அப்பியிருந்தது, திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்து, செப்புப் பகுதி பச்சை பூத்திருந்தது. ஃபேன் இழுக்காத மூலை சுத்தமாக இருந்தது. சத்தம் ஒரு காரணம், உப்புக்காற்று மற்றக் காரணம்.

கல்முனை நானா:
ஏறாவூரான் சொன்னது கடலுக்குத் தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு நல்ல வழி. கடற்கரை வீட்டுக்கு நானும் ஃபேன் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் ஓயாமல் வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், கூடவே உப்பும் தூசும் போகும். தானாக எழுகிற காற்று அவ்வளவு அள்ளிக்கொண்டு வராது.

செங்கலடி அக்கா:
பெட்டியைப் பற்றி நானா விளக்கமாகச் சொல்லிவிட்டார். எனக்கு வேறொரு சந்தேகம். மூடி கழற்றி, சீலிங் ஃபேனும் ஓடும்போது 84 என்பதே இந்தச் சிப்புக்கு அதிகம். படம் ஓட்டுவது என்100க்குப் பெரிய வேலையே இல்லை. வீடியோவைச் சுருக்கும் முறைகளான (கோடெக்) எச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றையும் பிரிக்க அதன் கிராஃபிக்ஸ் பகுதியில் தனி உறுப்பு இருக்கிறது. அது வேலை செய்தால் சிப்பின் பொதுவான வேலைகளைச் செய்கிற நான்கு கோர்களும் சும்மா இருக்கும். உங்களுடையதில் கோர்கள்தான் மாடாக உழைக்கின்றன என்று நினைக்கிறேன்.

படம் ஓடும்போது விசைப்பலகையில் ஓ எழுத்தை அழுத்துங்கள். கோடி ஒரு விவரப் பட்டியல் காட்டும். அதில் டிகோடர் வரியில் எச்டபிள்யூ என்று இருந்தால் ஹார்ட்வேர், எஸ்டபிள்யூ என்று இருந்தால் கோர்கள். எஸ்டபிள்யூ என்றால் இரண்டு வேலை: இன்டெல் மீடியா டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் போடுங்கள். பிறகு கோடி செட்டிங்ஸில், பிளேயர் பகுதிக்குள் வீடியோஸ் என்பதைத் திறந்து, அந்தத் தனி உறுப்பைப் பயன்படுத்த விடுகிற விஏ-ஏபிஐ தெரிவை ஓன் பண்ணுங்கள். அந்தத் தெரிவு கண்ணில் படாவிட்டால் கீழே இடதுபக்கம் செட்டிங்ஸ் மட்டத்தை எக்ஸ்பர்ட் ஆக்குங்கள், தெரியும். இந்தச் சிப் 2023 தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்திய லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) என்றால் அதையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

யூடியூபுக்கும் இதே கதை. வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து புள்ளிவிவரப் பலகையைத் திறந்தால் எந்த கோடெக் என்று தெரியும். ஃபயர்ஃபொக்ஸ் 115க்குப் பிந்தியது என்றால் லினக்ஸில் இன்டெல் கிராஃபிக்ஸைத் தானாகப் பயன்படுத்தும், டிரைவர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஜே4125 போன்ற பழைய சிப் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதில் ஏவி1 உறுப்பே இல்லை, என்ன டிரைவர் போட்டாலும் கோர்கள்தான் சுமக்கும்.

சூட்டை வெளியேற்ற வழி தேடுவதற்கு முன்னால், சூடு உண்டாகாமல் பார்ப்பதுதான் ஃபேன் இல்லாத கணினிக்கு முதல் வேலை.

நாவற்குடாப் பொடியன்:
அக்கா, ஆயிரம் நன்றி. எஸ்டபிள்யூ என்றுதான் இருந்தது. டிரைவரும் இருக்கவில்லை. போட்டு, விஏ-ஏபிஐயையும் ஓன் பண்ணினேன். நாலு கோரும் 80 வீதத்தில் ஓடியது இப்போது 10 வீதம்கூட இல்லை. மூடியைப் போட்டு, அலுமாரிக்கு வெளியே வைத்து இரண்டு மணித்தியாலப் படம் முழுவதும் ஓடவிட்டேன்: 71 பாகை. அப்பா ஒரு திக்கலும் இல்லாமல் பார்த்து முடித்தார்.

இன்னும் குறைக்க முடியுமா? கச்சான் காலத்தை நினைத்துத்தான் கேட்கிறேன்.

செங்கலடி அக்கா:
மிக நல்லது. பயோசில் (கணினி தொடங்கும்போது திறக்கிற அமைப்புத் திரை) பவர் லிமிட் பாருங்கள். சிப் 6 வாட் என்றாலும், பல போர்டுகள் அதைவிடக் கூடத்தான் அனுமதி கொடுத்து அனுப்புகின்றன. நீண்ட நேர வரம்பை 8 அல்லது 10 வாட்டில் வைத்தால் படத்துக்கு ஒரு குறையும் வராது. ஏதாவது அப்டேட் ஓடும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகும்.

வாழைச்சேனை வெல்டர்:
மூடியில் துளை போடுகிற வேலையை நான் சொல்கிறேன், கைத்தொழிலே அதுதான். முதலில் போர்டையும் எஸ்எஸ்டியையும் முழுவதும் கழற்றி வெளியே வையுங்கள். இரும்புத் தூள் ஒரு துணுக்கு போர்டில் கிடந்தாலும் ஷோர்ட் ஆகலாம். ஹீட்சிங்குக்கு நேர் மேலே மூடியில் 6 மில்லிமீட்டர் துளைகளை வரிசை மாற்றி மாற்றிப் போடுங்கள். அடித்தகட்டிலும் போட வேண்டும், மேலே மட்டும் போட்டுப் பயனில்லை. கீழே ரப்பர்க் கால் ஒரு அங்குலமாவது உயரம் இருக்கட்டும்.

துளை போட்ட விளிம்பைச் சும்மா விடாதீர்கள். நம் கடற்கரையில் வெறும் இரும்பு ஒரு மாரிகூடத் தாங்காது. உப்புத்தாள் தேய்த்து, பிரைமர், அதன்மேல் எனாமல் பெயின்ட். நுளம்பு வலை ஒட்டலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கண்ணி சின்னது, தூசு பிடித்து ஒரு மாதத்தில் அடைத்துவிடும். பெரிய பல்லி நுழையாமல் இருக்க 6 மில்லிமீட்டர் துளையே போதும். எறும்புக்குத்தான் பாதுகாப்பில்லை, பக்கத்தில் இனிப்புச் சாமான் வைக்காமல் பாருங்கள்.

இன்னொன்று. பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க முடிந்தால், ஹீட்சிங்கின் தகடுகள் நெட்டுக்குத்தாக நிற்கிற பக்கமாக நிறுத்துங்கள். காற்று புகைபோக்கியில் ஏறுவது போல ஏறும். அப்படி என்றால் துளைகளும் அந்த நிலைக்கு ஏற்ற பக்கங்களில் வர வேண்டும். எப்படி வைப்பது என்று முடிவெடுத்த பிறகு ட்ரில்லைக் கையில் எடுங்கள்.

கல்முனை நானா:
நிமிர்த்தி வைத்து, துளையும் போட்ட பிறகு சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். கட்டாயம் செய்யுங்கள். நம் வீடுகளில் அந்த ஃபேன்தான் கணினிக்கும் சேர்த்து வீசிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போய் இன்வேர்ட்டரில் டிவியும் கணினியும் மட்டும் ஓடும்போது அது நின்றுவிடும். அந்த நிலையில் தாங்கினால்தான் பெட்டி உண்மையில் சரி.

எம்.2 எஸ்எஸ்டியையும் மறக்க வேண்டாம். அது போர்டோடு ஒட்டிக் கிடக்கிறது, 70ஐத் தாண்டினால் பலவும் வேகம் குறைக்கத் தொடங்கும். சின்ன அலுமினியத் தகடு ஒன்றை தெர்மல் பேடோடு (சூடு கடத்தும் மெத்தை) ஒட்டினால் போதும்.

நாவற்குடாப் பொடியன்:
எல்லாம் செய்து முடித்தாயிற்று. வரம்பு 8 வாட். பெட்டி நிமிர்ந்து, டிவிக்குப் பக்கத்தில் திறந்த தட்டில். துளை போட்டு, கறுப்பு எனாமல் அடித்தேன். அறை 31 பாகையில், சீலிங் ஃபேன் ஓடும்போது 58. நிறுத்திவிட்டு முழுப் படம் ஓட்டினேன்: 66. எஸ்எஸ்டி 54.

இப்போது வேறொன்று. ஃபேன் இரைச்சல் இல்லாததால் ஒரு மெல்லிய "கீ" என்ற சத்தம் கேட்கிறது. படம் ஓடும்போது இல்லை, மெனுவில் மேலும் கீழும் போகும்போது மட்டும்.

செங்கலடி அக்கா:
கொயில் சத்தம். சிப் இழுக்கிற மின்சாரம் சட்டென்று கூடிக் குறையும்போது போர்டிலோ அடப்டரிலோ இருக்கிற செப்புச் சுருள் நுண்மையாக அதிர்கிறது. கெடுதல் ஒன்றுமில்லை. முதலில் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துப் பாருங்கள். அடப்டர் என்றால், 19 வோல்ட், பின் பொருந்துகிற வேறு ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். போர்ட் என்றால் பயோசில் சி-ஸ்டேட்டை, அதாவது சும்மா இருக்கும்போது சிப்பைத் தூங்கவைக்கிற வசதியை, நிறுத்தச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். சத்தம் குறையலாம், ஆனால் சும்மா இருக்கும்போதும் சூடு கூடும், உங்கள் பெட்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

நாவற்குடாப் பொடியன்:
அடப்டர்தான் அக்கா. தம்பியின் பழைய லப்டொப் அடப்டர் 19 வோல்ட், 65 வாட், பின்னும் பொருந்தியது. மாற்றியதும் சத்தம் இல்லை.

ஏறாவூரான்:
மாரி காலத்தில் என்ன செய்வது? என் பெட்டியில் கார்த்திகை, மார்கழியில் ஈரம் பிடிக்கிறது.

கல்முனை நானா:
ஓஃப் பண்ணாமல் விடுங்கள். இப்படிப்பட்ட சின்னக் கணினி சும்மா இருக்கையில் மொத்தமாகப் பத்து வாட் அளவுதான் இழுக்கும். அந்தச் சின்னச் சூடே உள்ளே ஈரம் படியாமல் பார்த்துக்கொள்ளும். இடி மின்னல் வரும்போல இருந்தால் மட்டும், அது தொடங்கும் முன்பே அடப்டரையும் எச்டிஎம்ஐ வயரையும் கழற்றுங்கள், கேபிள் அல்லது அன்டெனா வயர் டிவியில் இருந்தால் அதையும் சேர்த்து. மின்னல் அந்த வழியாக டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐயால் கணினிக்கும் போகும்.