புதுப்பிப்பு: லாரெடோ கைது வழக்கு

டெக்சஸின் கேசில் ஹில்ஸ் நகர மன்ற உறுப்பினராக இருந்த சில்வியா கோன்சாலஸ் கைதானது பற்றி முன்பு எழுதியிருந்தேன். நகர நிர்வாகியை நீக்கக் கோரும் மனுவைத் தன் கோப்பில் வைத்திருந்ததற்காக 72 வயதில் சிறைக்குப் போனவர். பேச்சுக்குப் பழிவாங்கவே தன்னைக் கைது செய்தார்கள் என்று மேயர், காவல்துறைத் தலைவர் உள்ளிட்டோர் மீது அவர் போட்ட வழக்குக்கு 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. அந்தத் தீர்ப்பு அதே டெக்சஸில் உள்ள லாரெடோ நகரின் பிரிசில்லா வில்லாரியாலுக்கும் உதவுமா என்பதுதான் அப்போது மிச்சமிருந்த கேள்வி.

வில்லாரியால் ஃபேஸ்புக்கில் செய்தி தருகிறவர். இறந்தவர்களின் பெயர்களை ஒரு போலீஸ் அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்தார், வெளியிட்டார். அவ்வளவுதான். அதற்கு 2017-இல் கைது! காட்டிய காரணம், வெளியிடப்படாத அரசுத் தகவலை ஆதாயத்துக்காகக் கேட்பதைக் குற்றமாக்கும் ஒரு சட்டப் பிரிவு. அது தெளிவற்றது என்று மாநில நீதிபதியே வழக்கைத் தள்ளிவிட்டார்.

பிறகு வில்லாரியால் அதிகாரிகள் மீது சிவில் உரிமை வழக்குப் போட்டார். டெக்சஸ் பகுதிக்கான கூட்டாட்சி நீதிமன்றமான ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரி, அதற்குப் பிறகு நடந்தது இது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கோன்சாலஸ் தீர்ப்பின் வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள் என்று வழக்கை அங்கேயே திருப்பி அனுப்பியது. ஐந்தாம் வட்ட நீதிமன்றமோ 2025 ஏப்ரலில் பழைய முடிவுக்கே வந்தது: அதிகாரிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதாவது இதற்காக அவர்களிடம் இழப்பீடு கேட்க முடியாது.

எனக்கு இது பெரிய ஏமாற்றம். செல்லாது என்று யாரும் அதுவரை அறிவிக்காத சட்டத்தை நம்பித்தானே கைது செய்தார்கள் என்பது அந்த நீதிமன்றத்தின் வாதம். ஆனால் அதிகாரியிடம் கேள்வி கேட்பதுதான் நிருபரின் அன்றாட வேலை. அது குற்றமல்ல என்று தெரிந்துகொள்ள போலீசுக்கு இன்னொரு தீர்ப்பு வேண்டுமா?