மறுமொழி: திரையா, பலகையா? விலைமனுவுக்கு ஒரு சொல் தேவை

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கொழும்பில் ஒரு சிறிய அரும்பொருட்காட்சியகம் டிஜிட்டல் சைனேஜ், அதாவது திரைகளில் அறிவிப்புகளை ஓட்டும் மென்பொருளுக்கு விலைமனுக் கோருகிறது. தமிழ்ப் பிரதி வெள்ளிக்கிழமை போகவேண்டும். ‘இலக்கமுறை அறிவிப்புப் பலகை மென்பொருள்’ என்று எழுதியிருக்கிறேன். வாசிக்க எனக்கே மூச்சு வாங்குகிறது.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, பலகை வேண்டாம், வடமொழி வாடை. ‘காட்சி கால்கோள் நீர்ப்படை நடுதல்’ என்று தொல்காப்பியம் நடுகல்லுக்கு முதலில் சொல்வதே காட்சியைத்தான். காட்சியகத்தோடும் ஒட்டும். கோள் என்றால் கொள்ளுதல். செய்தியைக் கொண்டு காட்டுவதால் ‘காட்சிக்கோள்’ என்று வையுங்கள்.

தெஹிவளை, மென்பொருளாளர்:
சேர், காட்சிக்கோள் என்றால் சனம் கோள்மண்டலத்துக்குப் போய்விடும். கோள் மூட்டுகிற கோளும் ஒன்று இருக்கு.

அக்கா, பலகையை நானும் எதிர்க்கிறேன், காரணம் வேறு. பலகை என்று போட்டால் எல்.ஈ.டி. போர்ட்டுக்கு விலை தருவார்கள். வாங்கப்போவது, எந்தத் திரையில் எந்நேரம் எது ஓடவேண்டும் என்பதை ஓரிடத்திலிருந்து நடத்தும் மென்பொருள். சைபோ என்ற மென்பொருள் திறமூலம், சொந்த வழங்கியிலேயே (சேர்வர்) நிறுவலாம். ஓரிரு திரைதான் என்றால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஆந்தியாஸ் என்ற மென்பொருள் போதும். எதுவானாலும் இணையம் அறுந்தால் சேமித்து வைத்ததை ஓட்டவேண்டும்.

யுனிகோட் கட்டாயம் என்றும் எழுதுங்கள். வடிவமைப்பாளர் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுத்தால் ‘அம்மா’ திரையில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று ஆங்கில எழுத்தில் நிற்கும். ‘கொ’வில் கொம்பு முன்னும் கால் பின்னும் சரியாக விழுகிறதா என்பதை அவர்களுடைய திரையிலேயே பார்த்துவிட்டுக் காசு கொடுக்கச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி, நூலகர்:
பலகை ஆகாதென்றால் சங்கப்பலகையை எங்கே கொண்டுபோய் வைப்பது? தகுதியுள்ள புலவர் வர வர நீண்டு இடம் கொடுத்ததாம். உள்ளடக்கத்துக்கு ஏற்ப அளவு மாறிய முதற் பலகை அதுதான்! ‘இலக்கமுறை’ பாடப்புத்தகத்தில் உள்ள சொல், அதை விடவேண்டாம்.

வெள்ளவத்தை:
சிங்களப் பிரதியோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகவேண்டும் என்று குழு கேட்கிறது.

கொட்டாஞ்சேனை:
தேசிய நூதனசாலையில் இருக்கும் காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டைக் காட்டுங்கள். 1409ஆம் ஆண்டுத் திகதி. சீனம் புத்தரைப் போற்றுகிறது, தமிழ் தேனாவரை நாயனார் என்ற திருமாலை, பாரசீகம் அல்லாஹ்வை. சொல்லுக்குச் சொல் யார் பார்த்தது?

தெஹிவளை:
அந்தக் கல்லைக் கொண்டுவந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவுக்கு விலைமனுக் குழு இருக்கவில்லை, சேர்.

வெள்ளவத்தை:
‘திரையறிவிப்பு முகாமைத்துவ மென்பொருள்’ என்று போடுகிறேன். இலக்கமுறையை விட்டுவிட்டேன், திரை என்றாலே விளங்கும். மேலாண்மை வேண்டும் என்று தனிமடல் போட்டவர்கள் மன்னிக்க, இங்கே அலுவலகங்களில் முகாமைத்துவம்தான். மற்றவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனை:
என் மௌனம் அந்தக் கணக்கில் வராது. முகாமைத்துவத்தில் ‘துவம்’ எங்கிருந்து வந்ததாம்? வடமொழி வேண்டாமென்று பலகையை எறிந்துவிட்டு வாலைப் பிடித்திருக்கிறீர்கள். காட்சிக்கோளை நான் கைவிடவில்லை.

தெஹிவளை:
அக்கா, திரையில் ஓட்டிக் காட்டும் பிளேயருக்கு என்ன போட்டீர்கள்?

வெள்ளவத்தை:
பிளேயர் என்றே விட்டேன். ‘இயக்கி’ என்று போட்டால் அது டிரைவர் என்று நீங்களே சண்டைக்கு வருவீர்கள்.