பழைய ஆங்கிலக் கிராமத்து ப்ரூவரிக்கு (பீர் காய்ச்சும் ஆலைக்கு) போனவர்கள், மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

பான்பரிப்பக்கம்:
ஹுக் நார்ட்டன் கிராமத்து ப்ரூவரி பற்றித்தான். ஜான் ஹாரிஸ், 1849, பண்ணையும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கொட்டகையும் என்று தொடங்கிய கதை இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். 1900ல் கட்டி முடித்த அந்தக் கோபுரத்தையும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். தண்ணீரையும் மால்ட்டையும் உச்சிக்கு ஏற்றிவிட்டால், அப்புறம் தளம் தளமாகக் கீழே இறங்கி பீராகிவிடும்.

எனக்கு மறக்காதது நீராவி எஞ்சின். பர்ட்டன் ஊரின் பக்ஸ்டன் அண்ட் தார்ன்லி 1899ல் செய்தது, 25 குதிரைத்திறன். 2006 வரைக்கும் காட்சிக்கு இல்லாமல் நிஜமாகவே வேலை பார்த்தது. நான் போன அன்று அதை ஓட்டிக் காட்டினார்கள். கீழே சக்கரம் சுற்ற, தோல் பட்டை மேல்தளத்துக்கு ஓட, மரத்தரை காலடியில் மெல்ல அதிர்ந்தது. பக்கத்தில் எண்ணெய்க் குப்பியோடு ஒரு பெரியவர். எஞ்சின் ஓடும்போதே, ஆடுகிற தண்டுக்கு நடுவே கையை நீட்டி, பித்தளைக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுவார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். அடுத்த கிண்ணத்துக்குப் போவார். ஒரு அளவுமானியையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்தார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் எங்களை அடுத்த அறைக்குக் கிளப்பிவிட்டார்கள்.

தண்டவாளப்_பித்தன்:
எஞ்சினைப் பார்த்து எல்லாரும் சொக்கிப்போகிறீர்கள். அத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய கோபுரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. ரயில்தான் ஐயா! பான்பரி – செல்ட்டனம் பாதை போட வந்த கூலியாட்கள், பிறகு இரும்புக்கல் வெட்டியவர்கள், இவர்கள் தாகத்தில் வளர்ந்த வியாபாரம் அது. பாதை 1887ல் திறந்தது, இன்று இல்லை. ஊருக்கு வெளியே பாலத்தின் கல்தூண்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன, மேலே எதுவும் கிடையாது. நான் ஒரு தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது உச்சியில் ஒரு செடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ப்ரூவரியில் கூட்டம், இங்கே நான் ஒருத்தன். எனக்கு அதுதான் உறுத்தியது.

லூயிஸ்வாசி:
கோபுரம் என்றாலே ஹுக் நார்ட்டன்தானா? அதை வடிவமைத்த வில்லியம் பிராட்ஃபர்ட்டே எங்கள் லூயிஸ் ஊரின் ஹார்வீஸ் ப்ரூவரிக்கும் வரைந்திருக்கிறார், அதுவும் முன்னாலேயே, 1880களில். ஊஸ் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. கரை என்றால் தண்ணீரும் வரும். 2000 அக்டோபரில் ஊரே மூழ்கியது. வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது தெருச்சுவரில் சேற்றுக்கோடு என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சேற்று நாற்றம், டீசல் நாற்றம், நடுவே எங்கிருந்தோ பொங்கிய ஈஸ்ட் வாசம். உள்ளே தொட்டியில் இருந்த பீர், பார்க்க ஆளில்லாமல் தன்பாட்டுக்குப் புளித்துக்கொண்டிருந்ததாம். அதையே பின்னால் ‘ஊஸ் பூஸ்’ (பூஸ் என்றால் பேச்சு வழக்கில் சாராயம்) என்று பெயர் வைத்து விற்றார்கள், குசும்பு பிடித்தவர்கள். அந்த ஈஸ்ட் 1957ல் டாட்காஸ்டரின் ஜான் ஸ்மித்ஸ் ப்ரூவரியிலிருந்து வந்தது. ஒவ்வொரு காய்ச்சலிலும் கொஞ்சம் எடுத்து அடுத்ததற்கு விட்டு, நம் வீட்டுத் தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, இன்றுவரை ஓட்டுகிறார்கள். வெள்ளத்தில் அது போயிருந்தால்?

மழைக்கோட்டு:
நான் பார்த்தது குதிரை. ஷயர் என்கிற பெரிய வண்டிக் குதிரை, குளம்பைச் சுற்றி வெள்ளை மயிர், பீப்பாய் ஏற்றிய வண்டி. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, ப்ரூவரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றது. சாதாரண வீடு, ஜன்னலில் பூத்தொட்டி. ஓட்டுநர் சிரித்தபடி, “இது முன்னே பப்பாக இருந்தது, இவன் இன்னும் நிற்பான்” என்றார். பப் மூடி எத்தனை வருஷமோ. உள்ளேயிருந்து ஒரு பெண்மணி கேரட்டோடு வந்தார், தினமும் நடக்கிற விஷயம் போல.

செய்முறை_சேகரிப்பவர்:
@மழைக்கோட்டு: கேரட் கிடைக்கிற இடத்தில் எந்தக் குதிரையும் நிற்கும். இதில் பப் ஞாபகம் எங்கே வந்தது? சுற்றுலாக்காரர்களுக்காக ஓட்டுநர் கட்டிய கதை.

நானும் ஹுக் நார்ட்டன் போயிருக்கிறேன். படிக்கட்டு செங்குத்து, முட்டி வலித்தது, அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். புளிக்கிற தொட்டிக்கு மேல் தலையை நீட்டி மோந்து பார்க்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், நுரைமேல் படுத்துக்கிடக்கும், ஒரே இழுப்பில் மூக்கு எரிந்து தலை சுற்றிவிடும். பீப்பாய் பீர் 11 முதல் 13 டிகிரியில்தான் தருவார்கள், ஐஸ் கேட்டு மானத்தை வாங்காதீர்கள். சுத்த சைவக்காரர்கள் முதலிலேயே விசாரிக்கவும்: பீரைத் தெளிய வைக்கப் பல இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போடுவார்கள். அது அடியில் தங்கிவிடும் என்பார்கள், மனசு ஒப்பினால் குடியுங்கள். போடாமலும் சிலர் செய்கிறார்கள், பீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், ருசிக்கு ஒன்றும் குறைவில்லை. கார் எடுத்துப் போனால் ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரம்பு, ஸ்காட்லாந்தில் 50தான். அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி என்று கணக்குப் போட்டுக் குடிக்காதீர்கள். ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள், தரை எப்போதும் ஈரம். ஸ்வெட்டரும் வேண்டும், ஆனால் கொப்பரை அறையில் அதைக் கழற்றிக் கையில்தான் பிடித்துக்கொண்டு…

லூயிஸ்வாசி:
மீன் விஷயத்தை இப்போதா சொல்வது! என் மாமனாரிடம் வாயைத் திறக்கமாட்டேன்.

மழைக்கோட்டு:
குதிரையைப் பற்றிச் சொன்னேன், மீனும் ஸ்வெட்டரும் வந்து சேர்ந்தன. @செய்முறை_சேகரிப்பவர், வண்டி நின்றபோது அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, கேரட் அப்புறம்தான் வந்தது. கடிவாளம் ஓட்டுநர் மடியில் தளர்ந்து கிடந்தது. அவர் அப்போது சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும்.