முதல் லெவலிலேயே பறக்கும் கதாபாத்திரம் வேண்டுமாம், என்ன செய்வது?

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையில் ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர்; ஆடுபவர்கள் நான்கு பேர். இலவச அடிப்படை விதிகளில் இருப்பது போல மனிதர், எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்லிங் இனங்கள் மட்டும்தான் என்று மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டேன். மூவருக்குச் சரி. நான்காமவர் சிறகுள்ள பறவை மனித இனமான ஆரகோக்ராதான் வேண்டும் என்கிறார். நோட்டில் பறவை முகத்தை வரைந்து, ஒவ்வொரு இறகுக்கும் கலர் பென்சில் தீட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல மனசே வரவில்லை.

சிக்கல் ஆரகோக்ராவின் 50 அடிப் பறக்கும் வேகம். என் கதையே இடிந்த கோட்டை, பள்ளம், அறுந்த பாலம் என்றுதான் போகிறது. விசார்டுக்கே (மந்திரவாதி) பறக்க உதவும் ஃப்ளை மந்திரம் ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும்.

சிறகில் காயம், ஐந்தாம் லெவலில் ஆறும் என்றேன். பறக்காத பறவை எதற்கு என்று கேட்டார், அதுவும் நியாயம்தான். எதிரிகளுக்கு வில் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவரை மட்டும் குறிவைப்பது போல ஆகிவிடும். வாக்கெடுப்பும் இரண்டுக்கு இரண்டு.

வரும் ஞாயிறு முதல் ஆட்டம். முதல் லெவலிலிருந்தே பறக்கும் கதாபாத்திரத்தை வைத்து ஆட்டம் நடத்தியவர்கள், பள்ளமும் மதிலும் அர்த்தமிழக்காமல் எப்படிச் சமாளித்தீர்கள்?