மைஎஸ்க்யூஎல்: சிஎஸ்வி ஏற்றும்போது மேற்கோள்குறி உள்ள வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன

கேள்வி:
வணக்கம். எங்கள் சிறுபத்திரிகையின் சந்தாதாரர் பட்டியலை விண்டோஸ் எக்செலில் சிஎஸ்வி கோப்பாகச் (மதிப்புகளைக் கமாவால் பிரித்த உரைக்கோப்பு) சேமித்து, மைஎஸ்க்யூஎல் தரவுதளத்தில் ‘லோட் டேட்டா லோக்கல் இன்ஃபைல்’ கட்டளை மூலம் ஏற்றுகிறேன். எண், பெயர், பின்கோடு, கடைசியில் முகவரி. கமா உள்ள முகவரிகளை மட்டும் எக்செல் இரட்டை மேற்கோளுக்குள் வைக்கிறது. மதிப்பைச் சூழ்ந்திருக்கும் குறி எது என்று சொல்லும் ‘என்க்ளோஸ்டு பை’ பகுதியில் இரட்டை மேற்கோளைக் கொடுத்திருக்கிறேன். பிழைச்செய்தி வரவில்லை, ஆனால் வரிகள் குறைகின்றன. ஒருவரின் முகவரிக்குள் அடுத்த நான்கைந்து பேரின் விவரமும் கிடக்கிறது!

பதில் 1:
எல்லா வரியிலும் மேற்கோள் இல்லையே, ‘என்க்ளோஸ்டு பை’க்கு முன் ‘ஆப்ஷனலி’ சேர்த்துப் பாருங்கள்.

கேட்டவர்:
சேர்த்தேன். அதே நிலைதான்.

பதில் 2:
‘ஆப்ஷனலி’ தரவை வெளியே கோப்பில் எழுதும்போதுதான் வேலை செய்யும். உள்ளே படிக்கும்போது அதனால் மாற்றமே இல்லை. சிக்கல் வரி முடிவில் இருக்கிறது. ஒரு மேற்கோளுக்கு அடுத்து கமாவோ வரிமுடிவோ வந்தால்தான் மைஎஸ்க்யூஎல் அதை மூடும் மேற்கோளாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கோப்பில் வரி \ஆர்\என் (ஆங்கிலத்தில் \r\n, கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரிமுடிவுக் குறிகள்) என்று முடியும். நீங்கள் \என் மட்டும் சொல்லியிருந்தால், நடுவில் நிற்கும் \ஆர் காரணமாக ஃபீல்டு (ஒரு நெடுவரிசைக்கான மதிப்பு) மூடாமல் அடுத்த வரிகளை விழுங்கிக்கொண்டே போகும். ‘லைன்ஸ் டெர்மினேட்டட் பை’ பகுதியில் '\ஆர்\என்' கொடுங்கள். அப்புறம், ‘லோக்கல்’ போட்டால் பல பிழைகள் வெறும் எச்சரிக்கையாகிவிடும். ஏற்றியதும் ‘ஷோ வார்னிங்ஸ்’ பார்க்காமல் விடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, வரிகள் சரியாக வந்துவிட்டன! ஆனால் கோப்பில் 12\4 என்றிருக்கும் கதவு எண் 124 ஆகிவிட்டது. தபால் வேறு வீட்டுக்குப் போய்விடுமே?

பதில் 2:
போகும், கட்டாயம் சரிசெய்ய வேண்டியது இது. எதுவும் சொல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் பின்சாய்கோட்டை எஸ்கேப் குறியாக, அதாவது அடுத்த எழுத்தின் பொருளை மாற்றும் குறியாக, எடுத்துக்கொள்ளும். \4 என்பது வெறும் 4 ஆகிவிடும். முகவரி பின்சாய்கோட்டில் முடிந்தால் இன்னும் மோசம், மூடும் மேற்கோளே சாதாரண எழுத்தாகிவிடும். எக்செல் பின்சாய்கோட்டை எஸ்கேப்பாகப் பயன்படுத்துவதில்லை. உள்ளே வரும் மேற்கோளை "" என்று இரட்டிக்கும், அவ்வளவுதான். அதனால் ‘எஸ்கேப்டு பை’ என்பதற்கு '' என்று வெறுமையாகக் கொடுங்கள். இரட்டித்த மேற்கோள் அப்போதும் சரியாகவே படிக்கப்படும்.

ஏற்றிய அட்டவணையை மட்டும் திருத்த முயல வேண்டாம். உண்மையான 124 எது, 12\4 எது என்று அதிலிருந்து பிரிக்கவே முடியாது. காலிசெய்துவிட்டு மூலக்கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.