பின்னணி அலைகளைப் பிரித்தறிவது எப்படி? அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் தோட்டக் கிணற்றுப் பம்பிக்காக ஒரு சோலார் சார்ஜ் கட்டுப்படுத்தி செய்திருக்கிறேன். அருகில் வைத்தால் வானொலி இரைகிறது. பணம் கட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புமுன் வீட்டிலேயே அதிலிருந்து வெளிவரும் வானொலி அலைக் கதிர்வீச்சை அளந்து குறைத்துவிட விரும்புகிறேன்.

சிக்கல் இதுதான்: கட்டுப்படுத்தியை நிறுத்திய பிறகும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை இருக்கிறது என்று காட்டும் கருவி) திரை நிறைந்தே இருக்கிறது. 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை பண்பலை நிலையங்கள், 900 பக்கம் கைபேசிக் கோபுரம். என் சுற்றில் டிரான்சிஸ்டர் மாறும்போது எழும் அதிர்வோ சரியாக 95 அருகில் விழுகிறது!

மெயின் சுவிட்சை அணைத்து, எல்லாவற்றையும் பற்றரியில் இயக்கினேன். எல்ஈடி விளக்குகளின் இரைச்சல் போனது; வானொலி போகவில்லை. கட்டுப்படுத்தி இல்லாமல் ஒருமுறை, கட்டுப்படுத்தியோடு ஒருமுறை அளந்து ஒப்பிட்டேன். பாட்டும் பேச்சும் ஏறி இறங்குவதால் வித்தியாசம் நம்பும்படி இல்லை. தகரப் பெட்டிக்குள் வைக்கலாம் என்கிறார் நண்பர். ஆனால் மூடிய பெட்டி தானே ஒத்ததிர்ந்து அளவைக் கெடுத்துவிடுமே.

அலுமினியத் தகட்டில் முனையில் 50 ஓம் தடையுடன் டெம் செல் (வெளித்தகடுகளுக்கு நடுவே ஒரு தகடு வைத்து, இடையில் வைக்கும் பொருளின் அலைகளை அளக்கும் அமைப்பு) செய்தவர்கள் இருக்கிறீர்களா? நடுத்தகட்டின் அகலத்தையும் உயரத்தையும் எப்படித் தீர்மானித்தீர்கள்? அல்லது சிறு வளைய புரோபை (மிக அருகிலுள்ள அலைகளைப் பிடிக்கும் கம்பி வளையம்) சுற்றுப்பலகைமேல் நகர்த்திப் பார்ப்பதே போதுமா?